வளவு அறைகளில் ஆச்சிமார் சொத்து

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடக்கிறவர்களை முதலில் மலைக்க வைப்பது எண்ணிக்கைதான். ஒரு கடை வாசலில் நீல விளிம்பு வைத்த எனாமல் தூக்குகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. பக்கத்தில் பித்தளைத் தவலைகள், செம்பு அண்டாக்கள், இட்டிலிக் கொப்பரைகள். உள்ளே போனால் ரவிவர்மா அச்சுப்படங்கள், ஓடாத ஜெர்மன் கடிகாரங்கள், ரசம் போன பெல்ஜியம் கண்ணாடிகள், பல்லாங்குழிகள், அரக்குப் பூச்சு மின்னும் மரவைகள். இவற்றில் எதுவும் கடையில் விற்பதற்கென்று செய்யப்பட்டதல்ல. எல்லாமே சுற்றுவட்டார ஊர்களின் வீடுகளிலிருந்து வந்தவை. சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் புது வீடு கட்டுகிறவர்கள் தேடி வந்து வாங்கிப் போகிறார்கள். பல ஆண்டுகளாக விற்றும் சரக்கு தீர்ந்தபாடில்லை.

ஒரு குடும்பத்துக்கு இத்தனை எதற்கு? செட்டியார் வீட்டுப் பணம், வேறென்ன செய்வார்கள் என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். செல்வத்தைக் காட்டிக்கொள்ளும் ஆசை அதில் இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்தப் பதில் பாதிக்கு மேல் தவறு. அந்த வீடுகளின் அறைகளில் குவிந்தவற்றில் பெரும்பங்கு, மகள்களுக்குப் பிறந்த வீடு பிரித்துக் கொடுத்த பங்கு. நிலமாகவும் வீடாகவும் கொடுக்காததைப் பண்டமாகவும் பாத்திரமாகவும் கொடுத்தார்கள். இதை விட்டுவிட்டால், செட்டிநாட்டு வீடுகள் ஏன் அப்படி நிரம்பின, ஏன் இப்படிக் காலியாகின்றன என்ற இரண்டுமே புரியாமல் போகும்.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் வறண்ட பூமி செட்டிநாடு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்ற நகரத்தார் 96 ஊர்களில் குடியிருந்தார்கள் என்பது மரபு; இன்று எழுபதுக்குச் சற்று மேற்பட்ட ஊர்களே மிஞ்சியிருக்கின்றன. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என ஒன்பது கோயில்களைச் சார்ந்து அவர்களின் உறவுமுறை அமைந்தது. மணமான ஒவ்வோர் ஆணும் தன் கோயிலில் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. மழையை நம்பிப் பிழைக்க முடியாத மண்ணாதலால் வணிகம்தான் வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலேயா, சைகோன் என்று அவர்களின் கொடுக்கல் வாங்கல் கடல் கடந்தது. எல்லாவற்றிலும் பெரியது பர்மா. ஐராவதி வடிநிலக் காடுகளை வெட்டி நெல் வயலாக்கிய உழவர்களுக்குக் கடன் தந்தது செட்டியார்களின் வட்டிக்கடைகள்தாம். 1929–30இல் பர்மாவின் வங்கித் தொழிலை ஆராய்ந்த அரசுக் குழு, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவர்கள் போட்டிருந்த பணம் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அன்றைய 75 கோடி.

கடைக்குப் போன ஆண்கள் மூன்று ஆண்டுத் தவணையில் அங்கேயே தங்கினார்கள். ஊரில் இருந்தவர்கள் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். ஆகவே, ஆண்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த அந்தப் பெரிய வீடுகளை ஆண்டு முழுக்க நடத்தியவர்கள் ஆச்சிமார் என்றழைக்கப்பட்ட அந்தப் பெண்கள்தாம்.

வீட்டின் அமைப்பைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு, ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக முடியும் வீடுகள் அவை. பர்மா தேக்குத் தூண்கள், இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெண்கரு கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர் என்று முகப்பைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். உள்ளே, வளவு என்னும் திறந்த முற்றத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் சிறிய, இருண்ட, கனத்த பூட்டுப் போட்ட அறைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. மணமான மகன் ஒவ்வொருவருக்கும் அங்கே இடம் உண்டு. அவை பெரும்பாலும் படுத்து உறங்குவதற்கான அறைகள் அல்ல. உட்காருவதும் படுப்பதும் பட்டாலைகளிலும் தாழ்வாரங்களிலும்தான். அறைகள் முக்கியமாகச் சாமான் வைக்கவும் சாமி கும்பிடவும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது 'வேறு வைத்தல்' என்ற வழக்கம். திருமணமான சில காலத்துக்குள் மகனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் தனிக் குடித்தனமாக வைத்துவிடுவார்கள். கூரை ஒன்று, வாசல் ஒன்று. ஆனால் அடுப்பு வேறு, அரிசி வேறு, கணக்கு வேறு. நான்கு மகன்கள் இருந்தால் நான்கு அடுப்பு. நான்கு அடுப்புக்கு நான்கு செட் பாத்திரம். சட்டி, கரண்டி, அரிவாள்மணை, ஆட்டுக்கல் எல்லாமே நான்கு. கூட்டுக் குடும்பம் என்றால் எல்லாம் பொது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கே கூடி வாழ்ந்தும் பிரித்தே வைத்துக்கொண்டார்கள். பொருள் பெருகியதற்கு முதல் காரணம் இந்தக் கணக்குதான்.

அந்த நான்கு அடுப்புகளுக்கும் வேண்டிய சாமான்கள் மாமனார் வீட்டுச் செலவில் வரவில்லை. மருமகள் கொண்டு வந்தாள்.

நகரத்தார் திருமணத்தில் பெண் வீட்டார் கொடுக்கும் சாமான்கள் கல்யாண வீட்டுக் கூடத்தில் பரப்பி வைக்கப்படும். வெள்ளி, வெண்கலம், பித்தளை, செம்பு, இரும்பு, எனாமல், பீங்கான், மரம், ஓலை என்று வகைவாரியாக. ஒவ்வொரு பாத்திரமும் பெரிதிலிருந்து சிறிது வரை அளவுவாரியாக. பாய், மெத்தை, பெட்டகம், விளக்கு, கோலக்குழல், பனை ஓலையில் பின்னிய கொட்டான்கள் வரை எதுவும் விட்டுப் போகாது. மாமியாருக்கென்று தனியே ஒரு தொகுதி உண்டு. அதற்கு 'மாமியார் சாமான்' என்றே பெயர். வந்தவர்கள் சுற்றிப் பார்ப்பார்கள். திருமண ஒப்பந்தத்தை 'இசைகுடிமானம்' என்று எழுதிக் கையெழுத்திடும் சமூகம் இது. வட்டியைக் காசு சுத்தமாகக் கணக்கு வைத்தவர்கள், பெண்ணுக்குக் கொடுத்ததையும் சிட்டை என்னும் பட்டியலில் ஏற்றினார்கள். பாத்திரங்களில் பெயர் வெட்டினார்கள். குடும்ப விலாசத்தின் எழுத்துகள் புள்ளி புள்ளியாக விளிம்பில் ஏறின.

கல்யாணத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. முதல் பொங்கல், முதல் தீபாவளி, பிள்ளைப்பேறு என்று பிறந்த வீட்டுச் சீர் வந்துகொண்டே இருக்கும். அறுபதாம் கல்யாணத்துக்கும் வரும்.

இன்றைய கண்ணுக்கு இது வரதட்சணைதான். அந்தச் சுமை எத்தனையோ பெற்றோரை முடக்கியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மகள்கள் அதிகமுள்ள நடுத்தரக் குடும்பங்கள் இந்தச் சாமான் வரிசையை நினைத்தே உறக்கம் இழந்திருக்கும். ஆனால் அந்நாளைய சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வரும் வரை, ஆண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தந்தையின் சொத்தில் மகளுக்குப் பங்கு கிடையாது. பெண்ணுக்கென்று உரிமையோடு நின்றது சீதனம் ஒன்றுதான். கானாடுகாத்தானில் ஒரு தந்தை தன் மகளுக்கென்றே வீடு கட்டிக் கொடுத்தார். அந்த 'விசாலம்' இன்று தங்கும் விடுதி. மகளுக்கு வீடு கொடுத்த செய்தியை இன்றும் அங்கே பெருமையோடு சொல்கிறார்கள் என்றால், அது எவ்வளவு அரிதாக நடந்திருக்கும் என்பது விளங்கும். மற்ற மகள்களுக்கு வீடு போகவில்லை. வீட்டை நிரப்பும் பொருள்கள் போயின.

சீதனத்தில் ரொக்கமும் உண்டு. அது ஆச்சியின் பெயரில் கடையில் வட்டிக்குப் போடப்பட்டது. 'ஆச்சிமார் பணம்' என்று தனித் தலைப்பிலேயே செட்டியார் கடைக் கணக்கில் அது வரும். டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நாட்டுக்கோட்டைச் செட்டியார் வணிக ஆய்வில், அவர்களின் முதலீடு எங்கெங்கிருந்து திரண்டது என்று விரிவாக விளக்குகிறார். முதலாளியின் சொந்த முதல்பணம், உறவினர் போட்ட மேம்பணம், கோயில் பணம் ஆகியவற்றோடு பெண்களின் சீதனமும் அந்த வலையில் ஓர் இழை. மொகல் தெருக் கோயிலில் கூடி ரங்கூன் செட்டியார்கள் வட்டி விகிதம் பேசி முடித்தபோது, கீழப்பூங்குடியிலோ தேவகோட்டையிலோ உட்கார்ந்திருந்த ஆச்சியின் பணமும் அந்த விகிதத்தில் வளர்ந்தது, சுருங்கியது.

ஆக, ஒரு பெண்ணின் பங்கு இரண்டாகப் பிரிந்தது. ரொக்கம் கப்பலேறியது. பாத்திரம் வளவு அறையில் தங்கியது. எது பிழைத்தது என்பதைப் பர்மா முடிவு செய்தது.

1930இன் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய உழவர்களால் திருப்பித் தர முடியவில்லை. ஈட்டுக்கு வைத்த நிலம் செட்டியார் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடு நிலம் அவர்களிடம் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடு. அவர்கள் விரும்பியது நிலமல்ல, பணம். விற்று வெளியேற வாங்குவோர் இல்லை. நிலத்தை இழந்த பர்மியரின் கோபமும் நியாயமானதே. அந்தப் பக்கத்துத் துயரத்தைச் சொல்லாமல் இந்த வீடுகளின் செல்வத்தைப் பேசுவது சரியாகாது. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் தப்பி வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் ஏராளம். போர் முடிந்ததும் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கை 1948இன் நில தேசியமயச் சட்டத்தோடு தேய்ந்தது. 1962இல் நெ வின் ஆட்சியைப் பிடித்த பிறகு மிச்சமும் போயிற்று.

ஆச்சிமார் பணமும் அதோடு மூழ்கியது. கணக்குப் புத்தகம் மட்டும் கையில் இருந்தது.

வளவு அறைகளின் அருமை தெரிந்தது அப்போதுதான். வருவாய் நின்ற குடும்பங்களில் முதலில் நகை போயிற்று, பிறகு வெள்ளி, பிறகு வெண்கலமும் பித்தளையும். கௌரவம் கருதிப் பகலில் விற்க மாட்டார்கள். தெரிந்த ஆள் பொழுது சாய்ந்த பின் வந்து எடையிட்டு எடுத்துப் போவார். பிள்ளைகளின் பள்ளிச் செலவும் மகளின் கல்யாணமும் இப்படி ஓர் அண்டா, ஒரு தவலை என்று நடந்தேறின. அத்தனை பாத்திரம் எதற்கு என்ற கேள்விக்கு அந்தத் தலைமுறைப் பெண்களிடம் நேரான பதில் இருந்தது. கடல் கடந்த பணம் கைவிட்டபோது, கைக்கெட்டும் இடத்தில் இருந்தது இதுதான்.

எல்லாவற்றையும் சேமிப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. சில பொருள்களுக்கு அன்றாடத் தேவை இருந்தது. கல்யாணங்கள் வீட்டிலேயே நாள்கணக்கில் நடந்தன. வாடகைப் பாத்திரக் கடை இல்லாத ஊரில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கப் பெரிய கிடாரங்கள் வேண்டும். முற்றத்து மூலைகளில் கூரையிலிருந்து விழும் மழைநீரைப் பிடிக்க அண்டாக்கள் வேண்டும். எனாமல் கதை வேறு. ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் முத்திரையோடு அது ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் வழியாக வந்து இறங்கியது. இலேசானது, புளி பட்டாலும் களிம்பேறாது, பார்க்கப் புதுமையானது. பலவற்றை வாங்கிய பிறகு ஒரு தடவைகூட அடுப்பில் ஏற்றவில்லை. விளிம்பில் வண்ணம் மங்காமல் இருப்பதே சாட்சி. அது ஆடம்பரம்தான், மறுப்பதற்கில்லை.

சாமானுக்கும் தேவைக்கும் இருந்த தொடர்பு அறுந்தது பிந்தைய காலத்தில். 1950, 60களில் எவர்சில்வர் வந்தது. 1981இல் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கிய பின் தமிழ்நாட்டு அடுப்படிகளில் பித்தளைக்கு இடமில்லாமல் போயிற்று. புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம். பழைய பித்தளையை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கியது தமிழ்நாடு முழுக்க நடந்ததுதான். செட்டிநாட்டில் விளைவு பெரிது, ஏனென்றால் எடைக்குப் போட அங்கே நிறைய இருந்தது. சீர்வரிசை நிற்கவில்லை, உலோகம் மட்டும் மாறியது. பிறகு பிளாஸ்டிக்கும் சேர்ந்தது. சடங்குக்கு நெல்லும் பலகாரமும் சுமந்த ஓலைக் கொட்டானைப் பின்னத் தெரிந்தவர்களே அருகிப் போனார்கள். விசாலாட்சி ராமசாமியின் எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்கு அந்தப் பின்னலைத் திரும்பக் கற்றுக்கொடுத்துச் சந்தையும் தேடித் தந்தது; இன்று செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

குடும்பங்கள் சென்னைக்கும் கோவைக்கும் அப்பாலும் போய்விட்டன. இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டில் கிடாரத்துக்கு ஏது இடம்? கல்யாணம் மண்டபத்துக்குப் போயிற்று. சமையல் ஒப்பந்தக்காரர் தம் பாத்திரத்தோடு வருகிறார். ஆனால் ஊரில் அறை பூட்டியபடியே இருக்கிறது. ஒரே அறைக்கு அந்த மகனின் மகன்கள், அவர்களின் மகன்கள் என்று உரிமையாளர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். அப்பத்தா கொண்டு வந்தது எது, ஆத்தா கொண்டு வந்தது எது என்று தெரிந்தவர்கள் மறைந்துவிட்டார்கள். ஒருவர் தூக்க நினைத்தால் இன்னொருவர் தடுப்பார். எல்லாரும் கூடுவது ஊர்க் கல்யாணத்துக்கோ படைப்புக்கோதான். அந்த இரண்டு நாளில் யார் பட்டியல் எடுப்பது? அறை திறக்கப்படும், சாமி கும்பிடப்படும், மறுபடி பூட்டப்படும். கரையானுக்கு விடுமுறை இல்லை.

கடைசியில் பராமரிக்க முடியாமல் கூரை இறங்கும்போது, வாங்க வருகிறவர் மொத்தமாக விலை பேசுகிறார். முதலில் பாத்திரம், அப்புறம் படங்களும் கடிகாரங்களும், அப்புறம் கதவு நிலை, கடைசியில் தூண். முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வரும் சரக்கின் வழி இதுதான். வியாபாரிகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பலதும் உலைக்குப் போய் உருகியிருக்கும். வருத்தம் வேறு இடத்தில். ஒரு பெண்ணின் பங்கு என்று சிட்டையில் எழுதி, பெயர் வெட்டி, ஒன்றாக இருந்த தொகுதி, கடையில் சிதறும்போது வெறும் பழம்பொருளாகிவிடுகிறது. தூக்கு பெங்களூர் உணவகத்தில் பூச்சாடியாகத் தொங்குகிறது. அதன் சிட்டை பழைய காகிதத்தோடு கிலோ கணக்கில் போய்விடுகிறது.

குவியலைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு அதே மண்ணில் சான்று உண்டு. கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். தமிழில் அச்சானது எதுவாக இருந்தாலும் சேர்த்தார். புத்தகம், இதழ் மட்டுமல்ல, நாடக நோட்டீசுகளையும்கூட. பார்த்தவர்களுக்கு அது வீடு நிறையக் காகிதம். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியும் நாட்டை விட்டுக் கொண்டுபோகவில்லை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது. தமிழ் அச்சு வரலாற்றை எழுத வருகிறவர் இன்று அங்கே போகாமல் எழுத முடியாது. டெபோரா தியாகராஜன் முயற்சியில் 1996இல் முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீடு பிரித்துக் கொண்டுவரப்பட்டு மீண்டும் நிறுத்தப்பட்டிருக்கிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் உள்ளன. சில வீடுகள் விடுதியாகி நிற்கின்றன. இவை எல்லாம் நல்லவை. ஆனால் சுவர்களுக்குக் கிடைத்த கவனம் அறைக்குள் இருந்த சிட்டைகளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஒரே ஒரு வீட்டின் மூன்று தலைமுறைச் சாமான் பட்டியல்களை வரிசையாக வைத்தால் போதும். செம்பு எப்போது எனாமலானது, எந்த ஆண்டு வெள்ளி குறைந்தது, பர்மா விழுந்த பிறகு மகளுக்கு என்ன கொடுத்தார்கள் என்று ஒரு சமூகத்தின் பொருளாதாரமே பெண்கள் பக்கத்திலிருந்து தெரிந்துவிடும். அப்படி ஒரு சிட்டை கிடைத்தால் எடைக்குப் போடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைக்கலாம்; அதற்கு எல்லாப் பங்காளியும் கையெழுத்திட வேண்டியதில்லை.

கையெழுத்துக் கணக்கும் இப்போது மாறிவிட்டது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு என்று 1989இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களை அது விலக்கியது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் அந்த வரம்பையும் நீக்கியது. அந்தத் திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. முன்பே முறையாகப் பிரிக்கப்படாத வளவு வீடுகளை விற்கவோ புதுப்பிக்கவோ, பாத்திரமாகப் பங்கு வாங்கிக்கொண்டு போன பெண்களின் மகள்களையும் பேத்திகளையும் இனி கேட்டாக வேண்டும். காரைக்குடிப் பக்கம் பத்திர எழுத்தர்கள் தேடும் வாரிசுப் பெயர்களில் ஆச்சிமாரும் சேர்ந்துவிட்டார்கள்.